காலை 7 மணி ஆனா நெட் கட்... ஒரு ஊரையே 18 மாதம் சுத்தவிட்ட பழைய டிவி! டிஎஸ்எல் லைனில் நடப்பது என்ன?

வேல்ஸில் அபர்ஹோசான் என்று ஒரு குட்டிக் கிராமம். தினமும் காலை 7 மணி ஆனால் போதும், ஊரில் பிராட்பேண்ட் படுத்துவிடும். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை, 18 மாதம் இதே கதைதான். லைனைப் பராமரிக்கும் ஓபன்ரீச் நிறுவனத்தின் இன்ஜினியர்கள் திரும்பத் திரும்ப வந்து சோதித்தார்கள். கேபிளையே பெரும்பகுதி மாற்றிப் பார்த்தார்கள். மறுநாள் காலை 7 மணிக்கு மீண்டும் கட்!

கடைசியில் ஒரு குழு, ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற கருவியோடு கொட்டும் மழையில் காலை 6 மணிக்கே தெருவில் இறங்கியது. சரியாக 7 மணிக்குக் கருவியில் மின் இரைச்சல் எகிறியது. அது வந்த திசையைத் தேடிப்போனால், ஒரு வீட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய டிவி. வீட்டுக்காரர் தினமும் காலை 7 மணிக்கு அதை ஆன் செய்வாராம். விஷயம் தெரிந்ததும் கூசிப்போன அவர், இனி அந்த டிவியைப் போடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். அதோடு பிரச்னை தீர்ந்தது. 2020 செப்டம்பரில் ஓபன்ரீச் இதை வெளியே சொன்னபோது உலகம் முழுக்க செய்தியானது.

டிவிக்கும் டெலிபோன் ஒயருக்கும் எந்த இணைப்பும் இல்லை. அப்புறம் எப்படி?

ஒரே ஒயர், ரெண்டு வேலை

டிஎஸ்எல் என்பது பழைய டெலிபோன் செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட்டையும் அனுப்பும் முறை. நாம் பேசும் குரலுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள இடமே போதும். அதற்கு மேலே கம்பி சும்மா கிடக்கிறது. ஏடிஎஸ்எல் அந்தக் காலி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சுமார் 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். அடுத்து வந்த ஏடிஎஸ்எல்2 பிளஸ், இதைப்போல் ரெண்டு மடங்கு உயரம் வரை போகும். அதனால்தான் போனில் பேசிக்கொண்டே நெட்டும் பார்க்க முடிந்தது. டயல் அப் காலத்தில் அது நடக்காது.

இந்த ரெண்டையும் பிரித்து வைப்பதுதான் ஃபில்டரின் வேலை. நம்ம ஊரில் இதன் பெயர் ஸ்ப்ளிட்டர். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் 'டேட்டாஒன்' என்று பிராட்பேண்ட் கொண்டுவந்ததிலிருந்து, லைன், போன், மோடம் என்று மூன்று ஓட்டை உள்ள இந்த வெள்ளை டப்பாவைப் பார்க்காத பிராட்பேண்ட் வீடு குறைவு. (அன்றைய அரசுக் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வேகம் வந்தாலே அது பிராட்பேண்ட்!) உள்ளே இருப்பது கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும்தான். குறைந்த அதிர்வெண்ணை போனுக்கு விட்டுவிட்டு, உயர்ந்ததைத் தடுத்துவிடும்.

ஃபில்டர் இல்லாவிட்டால் ரெண்டு பக்கமும் தொல்லை. போனில் 'உஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கும். அது பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். ரிசீவரை எடுத்த நொடியில் லைனின் மின்தன்மையே மாறிவிடும் என்பதுதான் பெரிய சிக்கல். பெல் அடித்தாலும் அப்படித்தான். மோடத்தில் டிஎஸ்எல் லைட் அணைந்து, திரும்ப மினுக் மினுக்கென்று முதலிலிருந்து இணைப்பைத் தேட ஆரம்பிக்கும். பிள்ளைக்கு ஆன்லைன் கிளாஸ் நடக்கும்போது ஊரிலிருந்து பாட்டி போன் செய்தால், கிளாஸ் போச்சு.

பெரும்பாலும் கோட்டை விடுவது பேரலல் போனில்தான். ஹாலில் ஸ்ப்ளிட்டர் பக்காவாக மாட்டியிருக்கும். ஆனால் அதற்கு முன்னாடியே லைனிலிருந்து ஒரு ஒயரைப் பிரித்து, மாடி ரூமுக்கு இன்னொரு போன் இழுத்திருப்பார்கள். அந்த மாடி போனுக்கு ஃபில்டர் கிடையாது. மோடத்தை மாற்று, ஒயரை மாற்று என்று காசைக் கொட்டுவார்கள், மாடி போனை மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஸ்ப்ளிட்டரை மாட்டி, எல்லா போனையும் அதன் 'போன்' ஓட்டையிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி ஃபில்டர் வேண்டும். ஃபேக்ஸ், காலர் ஐடி பெட்டி இருந்தால் அதற்கும்தான். மோடத்துக்கு மட்டும் கூடாது. தவறி 'போன்' ஓட்டையில் மோடத்தைச் சொருகினால் இணைப்பே வராது.

டிவி எப்படி உள்ளே வந்தது?

நீளமான கம்பி என்றாலே அது ஆன்டெனா. டெலிபோன் கம்பிகளை ரெண்டு ரெண்டாக முறுக்கி வைப்பதே அதற்காகத்தான். வெளி இரைச்சல் ரெண்டு கம்பியிலும் சமமாக விழுந்தால், மறுமுனையில் கழிந்துவிடும். ஆனால் ஒரு ஜாயின்ட் துருப்பிடித்தாலும் அந்தச் சமன் கெட்டுவிடும். மழைக்காலத்தில் நெட் சொதப்புவதற்கு ஜாயின்டில் இறங்கும் ஈரம் ஒரு முக்கியக் காரணம்.

தொடர்ந்து வரும் இரைச்சலை மோடம் ஓரளவு சமாளிக்கும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை, ஏடிஎஸ்எல் பயன்படுத்தும் எல்லைக்கு உள்ளேதான் வருகிறது. அந்த இடத்தில் இரைச்சல் இருந்தால், இணையும்போதே அதை அளந்து பார்த்து, அங்கே குறைவாக டேட்டா ஏற்றி மோடம் ஒதுங்கிப் போய்விடும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். திடீரென்று பாயும் இரைச்சலைத்தான் அதனால் தாங்க முடியாது. அபர்ஹோசான் டிவி செய்தது அதைத்தான். வீட்டிலேயே மலிவான அடாப்டர், டிம்மர், பவர் சப்ளை கெட்டுப்போன செட்டாப் பாக்ஸ் எல்லாம் இப்படிச் செய்யும்.

பழைய ரேடியோ போதும்

இதைக் கண்டுபிடிக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்க வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடும் ரேடியோவை மீடியம் வேவில், எந்த நிலையமும் வராத இடத்தில் வைத்து, வீட்டைச் சுற்றி நடந்தால் போதும். 'கர்ர்' சத்தம் எங்கே கூடுகிறதோ, அங்கேதான் வில்லன். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் சத்தம் குறையவில்லையா? அப்படியென்றால் அது வெளியிலிருந்து, பக்கத்து வீட்டிலிருந்துகூட வரலாம்.

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'எஸ்என்ஆர் மார்ஜின்' என்று ஒரு எண் இருக்கும். அது 6 டெசிபெலுக்குக் கீழே அடிக்கடி இறங்கினால் லைன் தள்ளாடுகிறது என்று அர்த்தம். எல்லா போனையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் சின்ன ஒயரில் நேராக மெயின் பாயின்டில் மாட்டிப் பார்க்கலாம். எண் ஏறினால் கோளாறு வீட்டு ஒயரிங்கில். ஏறவில்லை என்றால் ரேடியோ சோதனையும், வெளி லைனும்தான் பாக்கி. கட் ஆகும் நேரத்தை நாலைந்து நாள் குறித்து வைத்து, புகார் கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. அபர்ஹோசானில் துப்பு கிடைத்ததே அந்தக் காலை 7 மணியில்தான்.

ஃபைபர் இணைப்புக்கு மாறியவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் போவது ஒளி, டிவியின் மின் இரைச்சல் அதைத் தொடாது. ஸ்ப்ளிட்டர் டப்பாவுக்கும் அங்கே வேலை இல்லை.