மலைப்பயணத்துக்குப் பழைய கேம்பர் வேன்: வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

குடும்பத்தோடு மணாலி, லடாக் போக பழைய கேம்பர் வேன் தேடுறீங்களா? கட்டில், கிச்சனைப் பார்த்து மயங்கிடாதீங்க.

ஆர்.சி.: சாதாரண வேனை கேம்பராக மாற்றியிருந்தால், அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கணும். அனுமதியில்லாத மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. இன்சூரன்ஸ் க்ளைமும் சிக்கலாகலாம்.

வயது: சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதன்பின் தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்கணும்.

பிரேக்: 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. முழு லோடோடு ஏற்ற இறக்கத்தில் ஓட்டிப் பாருங்க. நீண்ட இறக்கத்தில் சூடாகும் பிரேக் சரியாகப் பிடிக்காது.

காற்றோட்டம்: குளிருக்கு எல்லாத்தையும் மூடிவிட்டு அடுப்பு எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாமல் உயிரைப் பறிக்கும் வாயு அது. வென்ட், அலாரம் இரண்டும் கட்டாயம்.

இந்த நாலும் சரியா இருந்தா, அப்புறம் கட்டிலைப் பாருங்க.