அடிக்கணக்கில் சிரிப்பு

1927-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. ஹாலிவுட் படங்களே ஓடிய தியேட்டர்களில் உள்நாட்டுப் படங்களும் ஓட வேண்டும். தொடக்கத்தில் 5 சதவீதம், 1936-ல் 20. இந்தப் பங்கைக் கணக்குப் போட்டது படச்சுருளின் நீளத்தை வைத்து! காமர்ஸ் படிக்கிற எனக்கு அப்போதே புரிந்துவிட்டது, நீளத்துக்குத்தான் மதிப்பு என்றால் யார் தரம் பார்ப்பார்கள்? மலிவுப் படங்கள் குவிந்தன. 1938-ல்தான் குறைந்தபட்சச் செலவு வரம்பு வந்தது.

ஆனால் மலிவு எல்லாமே குப்பை இல்லைங்க. லண்டன் ஆல்ட்விச் தியேட்டரில் 1926-ல் சக்கைப்போடு போட்ட பென் டிராவர்ஸின் நாடகம் 'ரூக்கரி நூக்', 1930-ல் படமானது. நடித்த டாம் வால்ஸே இயக்குநர். கதை பெரும்பாலும் ஒரே வீட்டில், வசனம் மனப்பாடம், எங்கே சிரிப்பார்கள் என்பதும் நடிகர்களுக்கு அத்துப்படி. கேமரா அதிகம் நகராது, உண்மைதான். பைஜாமாவோடு ஓடிவந்த பெண்ணை மறைக்க ரால்ஃப் லின் படும் பாட்டில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?