காரணம் போன பின்னும் நிற்கும் விதிகள்: காரைக்காலிலிருந்து லினக்ஸ் வட்டுப் பிரிப்பின் வரலாறு

லினக்ஸ் நிறுவ வன்தட்டைப் பிரிப்பவருக்கு இன்றும் மூன்று விதிகள் சொல்லித் தரப்படுகின்றன. முதன்மைப் பார்ட்டிஷன் நான்குக்கு மேல் கூடாது. /பூட் தட்டின் தொடக்கத்தில் தனியாக இருக்க வேண்டும். ராம் போதாதபோது தட்டில் பயன்படும் ஸ்வாப்புக்கு, ராமைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும். மூன்றுக்கும் ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. அந்தக் காரணம் எது, எப்போது மறைந்தது, காரைக்காலையும் அதைச் சுற்றிய டெல்டாவையும் இவ்விதிகள் எவ்வழியே வந்தடைந்தன என்பதே இக்கட்டுரையின் பொருள். நிறுவல் பாதியில் நிற்பதற்கு லினக்ஸைக் குறை சொல்வது வழக்கம். இரண்டு தலைமுறை வட்டு அமைப்புகள் ஒரே கணினியில் மோதுவதே பெரும்பாலும் உண்மையான காரணம் என்பது என் வாதம்.

1983 மார்ச்சில் ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0 வட்டுப் பிரிப்பைத் தனிக் கணினிக்குக் கொண்டுவந்தது. தட்டின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கும் 2 பைட் முத்திரைக்கும் போக, எஞ்சியது 64. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்றால் நான்கு பதிவுகள். நான்கு என்ற எண் இந்தக் கணக்கில் பிறந்தது. டாஸோடு வேறோர் இயக்குதளமும் அதே தட்டில் குடியிருக்கலாம் என்பது நோக்கம்; 10 மெகாபைட்டுக்கு நான்கு தாராளம்தான். 1987இல் டாஸ் 3.3 எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனைச் சேர்த்தது. நான்கில் ஒன்றை உறையாக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைச் சங்கிலியாகக் கோக்கும் ஏற்பாடு அது. லினக்ஸில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் எப்போதும் 5இல் தொடங்குவது இதனால்தான்.

இரண்டாம் விதியின் கதை இன்னும் சிக்கலானது. பழைய பயாஸ் சிலிண்டர் எண்ணுக்கு 10 பிட் மட்டுமே ஒதுக்கியது. அதாவது 1024 சிலிண்டர். ஐடிஇ தட்டுகளுக்கு அவற்றின் சொந்த வரம்புகள் இருந்தன. இரண்டும் சேர்ந்ததில் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்று 528 மெகாபைட்டோடு எல்லை முடிந்தது. பின்னர் 255 ஹெட் இருப்பதாகப் பயாஸுக்குப் பொய்க்கணக்குக் காட்டி 8.4 ஜிகாபைட் வரை நீட்டினார்கள். லினக்ஸ் கர்னல் ஓடத் தொடங்கிவிட்டால் அதற்குப் பயாஸின் தயவு தேவையில்லை. ஆனால் கர்னலைத் தட்டிலிருந்து நினைவகத்துக்கு எடுத்து வரும் லிலோ, பயாஸிடம்தான் கேட்டுப் பெற்றது. கர்னல் கோப்பு 1024ஆம் சிலிண்டரைத் தாண்டி அமர்ந்தால் லிலோவுக்கு அது எட்டாது. தன் பெயரின் நான்கு எழுத்துகளைத் திரையில் அச்சிட்டு முடிப்பதற்குள் லிலோ நின்றுபோவதும் உண்டு. எத்தனை எழுத்து வந்திருக்கிறது என்பதைக் கொண்டே கோளாறு எந்தக் கட்டத்தில் என்று கணிப்பார்கள். நிறுவிய அன்று ஒழுங்காக எழுந்த கணினி, கர்னலைப் புதுப்பித்த மறுநாள் எழாமல் போனதும் இந்த எல்லையால்தான். புதிய கோப்பு தட்டின் எந்த மூலையில் விழும் என்று யாருக்கும் தெரியாது. சிறிய /பூட் பார்ட்டிஷனைத் தட்டின் முகப்பில் வைத்தால் கர்னல் எல்லை தாண்டாது. 2000ஆம் ஆண்டு வாக்கில் லிலோ புதிய பயாஸ் அழைப்புகளைப் பயன்படுத்தத் தொடங்கியதும் இந்தக் காரணம் மறைந்தது. விதி மட்டும் கையேடுகளில் தங்கிவிட்டது.

ஸ்வாப் விதியை இரண்டு வரியில் முடிக்கலாம். 2001இல் வந்த 2.4 வரிசைக் கர்னலின் தொடக்கப் பதிப்புகளுக்கு இரண்டு மடங்கு ஸ்வாப் உண்மையிலேயே தேவைப்பட்டது. 2017 ஏப்ரலில் வந்த உபுண்டு 17.04 தனிப் பார்ட்டிஷனையே விட்டுவிட்டு ஸ்வாப் கோப்புக்கு மாறியது.

இவை காரைக்காலுக்கு எப்படி வந்தன? மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல் என்று அமைந்த இப்பகுதிக்கு நெடுங்காலம் தனிப் பாடத்திட்டம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களைப் படித்தன, மாஹே கேரளப் பாடநூல்களை, ஏனாம் ஆந்திரப் பாடநூல்களை. அண்மையில்தான் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறின. கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் குனு/லினக்ஸை முழுமையாக ஏற்றது. பத்தாம் வகுப்பு ஐடி தேர்வே லினக்ஸில் நடந்தது. ஆகவே ஒரே ஒன்றியப் பிரதேசத்தில் மாஹே மாணவருக்கு லினக்ஸ் தேர்வுப் பாடம். அதே காலத்தில் காரைக்கால் மாணவர் கையிலிருந்த மேல்நிலைப் பாடநூல் ஸ்டார் ஆஃபிஸைக் கற்பித்தது. 2018இல் வந்த தமிழ்நாட்டின் புதிய பதினோராம் வகுப்பு நூலில்தான் விண்டோஸோடு உபுண்டுவும் இடம்பெற்றது. அதுவும் திரையையும் மெனுக்களையும் அறிமுகம் செய்யும் பாடமே. வன்தட்டின் அமைப்பை அறியாமலே ஒரு தலைமுறை இன்ஸ்டால் பொத்தானை அழுத்த வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

கருவி மட்டும் தயாராகவே இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அதன் பணி சென்னையில் நடந்தது. தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் தலைமையில் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் இருந்தபோது அந்த நிறுவனமும் அரசுப் பள்ளிக் கணினிகளும் சூசே லினக்ஸுக்கு மாறின. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்த டூயல் பூட் கணினிகள் மாணவர் கைக்கு வந்தன. திட்டம் தமிழ்நாட்டுக்கானது, காரைக்கால் மாணவருக்கு அதில் இடமில்லை. எல்லைக்கு அப்பால் நாகூரிலும் தரங்கம்பாடியிலும் படித்தவர்களுக்கு அந்தக் கணினி கிடைத்தது.

இந்த டூயல் பூட் கணினிகளில் இரண்டு கோளாறுகள் வர வாய்ப்பு இருந்தது. இரண்டும் முன்சொன்ன 512 பைட்டிலிருந்தே கிளம்புபவை. விண்டோஸை மீண்டும் நிறுவினால் அது தொடக்க நிரலின் 446 பைட்டைத் தன்னுடையதாக மாற்றி எழுதிவிடும். லினக்ஸ் அழிவதில்லை, அதற்கான வாசல் மட்டும் அடைபடும். லைவ் பென் டிரைவில் கணினியைத் தொடக்கி, லினக்ஸைத் தொடக்கும் நிரலான கிரப்பைத் திரும்ப நிறுவினால் சரியாகும். இரண்டாவது, இடம் போதவில்லை என்று விண்டோஸிலிருந்தே லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிடுவது. முதல் செக்டரில் இருப்பது கிரப்பின் சிறு துண்டுதான். மீதி அழிந்த பார்ட்டிஷனில் இருந்தது. அதனால் கணினி கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று கேட்டு நின்றுவிடும், விண்டோஸும் திறக்காது. கோப்புகளெல்லாம் போய்விட்டன என்று பயந்து ஃபார்மட் செய்யத் தேவையில்லை. விண்டோஸ் டிஸ்க்கைக் கொண்டு தொடக்க நிரலை மட்டும் திருப்பி எழுதினால் போதும்.

கடைகளில் விற்ற மடிக்கணினிகளில் வேறு தொல்லை. தொடக்கக் கோப்புகளுக்கு ஒன்று, விண்டோஸுக்கு ஒன்று, மீட்புக்கு ஒன்று, தயாரிப்பாளரின் கருவிகளுக்கு ஒன்று என்று நான்கு முதன்மைப் பதிவுகளையும் நிறுவனமே நிரப்பி அனுப்பிய காலம் உண்டு. தட்டில் 200 ஜிகாபைட் காலியாக இருந்தும் ஐந்தாவது பார்ட்டிஷன் உருவாக்க முடியாது. நான்கில் ஒன்றைத் தியாகம் செய்து எக்ஸ்டெண்டடாக மாற்றுவதே வழி.

இந்தக் கடற்கரையில் மின்தடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருந்தும், 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல் போன்றவை காரைக்காலையும் விட்டுவைப்பதில்லை. பழைய ஈஎக்ஸ்டி2 கோப்பு முறை, மின்சாரம் போய்த் திரும்பினால் தட்டு முழுவதையும் சோதித்த பிறகே எழும். 2001இல் கர்னலில் சேர்ந்த ஈஎக்ஸ்டி3, நடக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைப்பதால் இந்தக் காத்திருப்பு போயிற்று. ஆனால் பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எந்தக் குறிப்பேடும் காப்பாற்றாது. மடிக்கணினி பேட்டரி நிறைந்திருக்கும்போது மட்டும் அந்த வேலையில் இறங்க வேண்டும்.

பயாஸுக்கு மாற்றான யூஇஎஃப்ஐயோடு வந்த ஜிபிடி அட்டவணையில் பொதுவாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு. பழைய முறையின் 2.2 டெராபைட் உச்சவரம்பும் இல்லை. நான்கு என்ற விதிக்கு அங்கே வேலையே இல்லை. அதற்குப் பதில் புதிய சிக்கல்கள் வந்தன. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, பென் டிரைவைப் பழைய லெகசி முறையில் தொடக்கி லினக்ஸை நிறுவினால் ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், கணினியை உண்மையில் அணைப்பதில்லை. அதனால் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸால் எழுத முடியாது. சில கணினிகளில் வன்தட்டே நிறுவியின் கண்ணுக்குத் தெரியாது. பயாஸில் சேமிப்பக அமைப்பு இன்டெல் ஆர்எஸ்டி என்றிருப்பதை ஏஹெச்சிஐ என்று மாற்றினால் தெரியும். விண்டோஸை முதலில் அதற்குத் தயார் செய்யாமல் மாற்றினால் அது எழாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய விதிகளை எல்லாம் தூக்கி எறியலாமா என்றால், நான்கு என்ற விதியை மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காததால் அவை லினக்ஸைத் தேடி வருகின்றன. அவற்றில் விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலும் எம்பிஆர் எனப்படும் பழைய நான்கு பதிவு அட்டவணையோடுதான் இருக்கும். அவற்றுக்கு நான்கு என்ற விதி இன்றும் சட்டம். /பூட், ஸ்வாப் விதிகள் இரண்டையும் மறந்துவிடலாம். திருவேட்டக்குடி என்ஐடி வளாகத்திலோ நெடுங்காட்டுப் பொறியியல் கல்லூரியிலோ நிறுவல் முகாம் நடத்துபவர்கள், பென் டிரைவைச் செருகச் சொல்வதற்கு முன் அந்தக் கணினியில் இருப்பது எம்பிஆர் அட்டவணையா ஜிபிடியா என்று மாணவரையே பார்த்துச் சொல்லவைக்கட்டும். கோப்புகளை வேறொரு தட்டில் நகலெடுக்காதவர் கணினியில் கை வைக்க வேண்டாம்.