மின்சாரமும் கழிவுநீரும்



என் நாஞ்சில் நாட்டு வயல்களை வளர்க்கும் பழையாறு மணக்குடியில் கடலை அடைகின்றது. நாங்கள் ‘கதம்பை’ என்று வழங்கும் தேங்காய் மட்டையை அக்காயலில் பல மாதம் ஊறவைத்து நாரெடுப்பது வழிவழி வந்த தொழில். மட்டை அழுகுங்கால் நீர் உயிர்வளியை இழந்து கறுக்கும், மீனினம் குன்றும். ஏழைகளுக்குச் சோறிடும் தொழிலே மீனவர்தம் நீரைக் கெடுக்குமாயின் செய்வது யாது? இவ்வினாவுக்கு மின்வேதியியல் அளித்துள்ள விடையின் வரலாற்றை இன்று கூற விரும்புகின்றேன்.

செலுத்தப்படும் மின்சாரத்தின் அளவுக்கேற்பவே வேதிமாற்றம் நிகழும் என்பதை மைக்கேல் பாரடே 1830களில் நிறுவினார். 1889இல் வில்லியம் வெப்ஸ்டர் என்பார் இலண்டன் மாநகரின் சாக்கடை நீரை இரும்புத் தகடுகளுக்கிடையே ஓடவிட்டு மின்சாரம் பாய்ச்சினார். தகட்டினின்றும் கரைந்த இரும்பு, நீரிலுள்ள நுண்ணிய அழுக்குகளைத் திரளச் செய்தது. எதிர்த்தகட்டில் எழும் நீர்வளிக் குமிழிகள் அத்திரளை மேலே தூக்கின. எனினும் செலவு மிகுந்தமையால் அம்முறை அன்று நிலைபெறவில்லை.

நம் நாட்டில் இத்துறை வேரூன்றியது காரைக்குடியில். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். சாயக் கழிவுநீரின் நிறத்தை மின்சாரத்தால் நீக்கும் ஆய்வுகளும் அங்கு நடந்துள்ளன. அந்நீரிலுள்ள உப்பினின்றும் மின்சாரம் குளோரினைப் பிறப்பிக்க, அது சாயத்தைச் சிதைக்கின்றது.

ஆயினும் நிறம் போயின் நீர் தூயதாகிவிட்டது என்று எண்ணற்க. கரைந்த உப்பு நீரிலேயே நிற்கும். குளோரின் பிற கரிமப் பொருள்களோடு கூடிப் புதிய நஞ்சுகளையும் தரக்கூடும். திரண்ட சேற்றுக்கும் இடம் தேடவேண்டும். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யலாறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை நீங்கள் அறிவீர்கள். அங்கு உப்பே பெருஞ்சிக்கலாயிற்று.

ஆதலின் மணக்குடிக்கு மின்சாரம் ஒன்றே மருந்தன்று என்பது என் கருத்து. பரந்த காயலுக்குள் தகடுகளை நாட்டுதல் இயலாது; கழிவு ஓரிடத்தில் தேங்கினால்தான் அம்முறை பயன்படும். பச்சை மட்டையைப் பொறியால் அடித்து நாரெடுப்பின் மாதக்கணக்கில் காயலில் ஊறவைக்க வேண்டுவதில்லை. கழிவைப் பிறப்பிக்காமை முதற்கடமை. பிறந்ததைத் தூய்மை செய்தல் அடுத்த கடமை. வேதியியல் பயிலும் உங்களுள் சிலரேனும் இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணுவீர்களாயின், தொழிலும் பிழைக்கும், ஆறும் பிழைக்கும்.