குடவோலையும் கார் பார்க்கிங்கும்

உத்திரமேரூர் குடவோலை முறையை நம்மில் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இன்றும் இருக்கின்றன. சரித்திரப் புத்தகம் பானையையும் ஓலையையும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். அந்தப் பானையிலிருந்து எடுத்த ஓலைகள் எந்தக் காரியத்துக்கு ஆள் பொறுக்கின என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஊரில் 30 குடும்புகள், அதாவது இன்றைய பாஷையில் 30 வார்டுகள். குடும்புக்கு ஒருவராக 30 பேர். அவர்களில் வயதும் அனுபவமும் உள்ள 12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். யுத்தம் செய்யவோ ராஜ்யம் ஆளவோ அல்ல, ஊர்த் தோட்டத்தையும் ஏரியையும் பார்த்துக்கொள்ளத்தான் இத்தனை ஏற்பாடு.

நிபந்தனைகள்தாம் ரசமானவை. வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் எந்த வாரியத்திலாவது இருந்தவர் நிற்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயர் பானைக்குள் போகாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன், மாமனார் என்று ஒரு நீண்ட உறவுப் பட்டியலே கல்லில் வெட்டியிருக்கிறது. இதை இன்று அமல் செய்தால் எங்கள் ஸொசைட்டியில் கமிட்டியே அமையாது!

ஓலை எடுக்கும் முறையிலும் ஜாக்கிரதை. மகாசபை கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் எடுத்துத் தரும் ஓலையை, ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். கையை மூடினால் ஓலை மாறிவிடும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

இந்தக் கல்வெட்டை நான் மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு படிக்கிறேன். இங்குள்ள ஒரு ஹவுசிங் ஸொசைட்டியில் சில காலம் காரியதரிசியாக இருந்தவன் என்பதால், தோட்டம், தண்ணீர், வண்டி நிறுத்த இடம் ஆகிய மூன்றும் மனிதர்களை எப்படிக் கூட்டிவைக்கும், எப்படிப் பிரித்துவைக்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் பம்பாயில் இந்தக் கூட்டங்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றிற்று.

மாட்டுங்கா, தாதர் பகுதியின் அகலமான தெருக்களும் தோட்டங்களும் குடியிருப்போர் யாரும் கேட்டு வந்தவை அல்ல. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. நெரிசலே நோய்க்குக் காரணம் என்று கருதிய அரசாங்கம் 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டை ஏற்படுத்தியது. வயலும் தோப்புமாக இருந்த நிலத்தை அது கையகப்படுத்தி, கோடு போட்டுப் பிரித்தது. பார்ஸிக்களில் மஞ்சேர்ஜி ஜோஷி என்ற இஞ்சினீயர் விடாமல் பேசி, தம் சமூகத்தின் நடுத்தரக் குடும்பங்களுக்காக 103 மனைகளை ஒதுக்கச் செய்தார். ஃபைவ் கார்டன்ஸ் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1933-ல் டிரஸ்ட் நகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

நம்மவர்கள் பெருவாரியாக இங்கே வந்தது 1920, 30-களில். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் பாஸ் செய்து, ரயில்வேயிலும் பாங்குகளிலும் வேலைக்கு அமர்ந்தவர்கள். வந்த வேகத்தில் அவர்கள் கட்டிய ஸ்தாபனங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 1932-ல் சௌத் இந்தியன் எஜுகேஷன் ஸொசைட்டி. பஜனைக்கும் பூஜைக்கும் ஆஸ்திக சமாஜம். 1952-ல் ஷண்முகானந்தா சபா. 1963-ல் அதன் பிரம்மாண்டமான அரங்கம். 1990-ல் அது தீக்கிரையானபோது, எட்டு ஆண்டுகள் பாடுபட்டு மீண்டும் எழுப்பினார்கள். சபை என்றால் உத்திரமேரூரில் ஊராட்சி. நமக்கு அது கச்சேரி என்று ஆகிவிட்டது. விளையாட்டாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், கோயில், சங்கீதம் இவற்றுக்கு நிதி திரட்டவும் கணக்கு எழுதவும் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் வாசற்படியைத் தாண்டியதும் தெரு முனிசிபாலிடியுடையது, தோட்டம் முனிசிபாலிடியுடையது என்று கையைக் கட்டிக்கொண்டு விட்டோம். வாரியம் நடத்திய பரம்பரைக்கு இது ஏன் வந்தது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. வாடகை வீட்டில் இருந்த, மாற்றல் பயத்தோடு வாழ்ந்த தலைமுறை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

கூட்டம் போட்டுத் தீர்மானிக்கும் பழக்கத்தை இந்நகரத்துக்குக் கற்றுக்கொடுத்தது கூட்டுறவு இயக்கம். 1915-ல் காம்தேவியில் சாரஸ்வதர்கள் தொடங்கிய ஹவுசிங் ஸொசைட்டி நாட்டிலேயே முன்னோடி. அதன் பின்னால் நின்றவர் ராவ்பகதூர் தல்மகி. பிறகு 1960-ல் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. கட்டடத்துக்கு ஒரு ஸொசைட்டி, வருஷத்துக்கு ஒரு ஜெனரல் பாடி, மினிட்ஸ் புத்தகம், தணிக்கை என்று இன்று லட்சக்கணக்கான பம்பாய்க்காரர்களின் வாழ்க்கையில் இது ஓர் அங்கம்.

எங்கள் கட்டடத்தின் பழைய மினிட்ஸ் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. காரியதரிசியாக இருந்தபோது அவற்றைப் படித்தேன். 1960-களில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றித்தான்: மேல்தொட்டி எப்போது நிரம்பும், மோட்டார் யார் போடுவது, மூன்றாம் மாடிக்கு ஏன் ஏறவில்லை. காம்பவுண்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதால் ஜன்னல் கண்ணாடி உடைகிறது என்று ஒரு புகார். மாலை ஆறு மணிக்கு மேல் ஆடக்கூடாது என்று ஒரு தீர்மானம். கட்டடத்தில் மொத்தம் இரண்டே கார். அவற்றை எங்கே நிறுத்துவது என்று யாரும் கேட்டதாகவே பதிவில்லை. 1983-ல் மாருதி வந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தின் பாஷையே மாறிவிடுகிறது. கிரிக்கெட் பற்றிய புகார் ஒரு கட்டத்தில் நின்றுபோகிறது. பையன்கள் திருந்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, காம்பவுண்டில் ஆட இடமில்லை. விளையாட்டுத் திடல் வண்டி நிறுத்துமிடமாக ஆனதற்குத் தனியாகத் தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. அது பாட்டுக்கு ஆகிவிட்டது.

பார்க்கிங் தகராறுகளில் பெரிய திருப்பம் 2010 ஆகஸ்டில் வந்தது. நஹல்சந்த் லாலூசந்த் என்ற பில்டர் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி ஸொசைட்டிக்கும் நடந்த வழக்கில், கட்டடத்தின் அடித்தளத்தில் தூண்களுக்கு நடுவே உள்ள இடத்தை பில்டர் தனியாக விற்க உரிமையில்லை, அது எல்லோருக்கும் பொதுவானது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பொது இடம் என்றால் பங்கிடும் பொறுப்பும் பொதுவாகிறது. மகாராஷ்டிர ஸொசைட்டிகளின் மாதிரி பைலா இதற்கு வழி சொல்கிறது: இடத்தைவிட வண்டிகள் அதிகமானால் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் குடவோலை! எங்கள் கூட்டத்தில் இதைக் கொண்டுவந்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. முப்பது வருஷமாக அதே மூலையில் நிறுத்துகிறவருக்கு அது பாத்தியதையாகவே ஆகிவிடுகிறது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சீட்டுகளைப் போட்டு, இரண்டாம் மாடிக் குழந்தையை எடுக்கச் சொன்னோம். நல்ல இடம் பறிபோனவர்கள் சில மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் குழந்தை எடுத்த சீட்டு என்பதால் யாரும் சூது என்று சொல்லவில்லை.

சுவருக்கு வெளியே கதை வேறு. தெருவாசிகளை ஓர் அமைப்பாகச் சேர்த்து நகராட்சி அங்கீகரிப்பது 1997-ல் தொடங்கியது. காட்கோபரில் ஜோஷி லேன் மக்கள் குப்பையைத் தாங்களே பிரித்து, உரமாக்கி, தெருவைச் சுத்தமாக வைத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்து ஏஎல்எம் என்ற திட்டம் நகரம் முழுவதும் பரவியது. நூற்றுக்கணக்கில் பதிவாயின, பல பிற்பாடு பெயரளவில் நின்றன. குப்பையில் ஆரம்பித்த இடங்களில், தெரு விளக்கும் நடைபாதையும் பூங்காவும் அடுத்தடுத்துப் பேச்சுக்கு வந்தன.

எங்கள் பேட்டையில் நடந்த நல்ல காரியம் கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிறது. அங்கே முதலில் கட்டண வண்டி நிறுத்தம் இருந்தது. பாதுகாப்பை முன்னிட்டு மேம்பாலங்களுக்கு அடியில் வண்டி கூடாது என்று வந்ததும், 2011-வாக்கில் இடம் காலியாயிற்று. காலியிடம் பம்பாயில் எத்தனை நாள் காலியாக இருக்கும்? குடியிருப்போர் கூடிப் பேசினார்கள். குஜராத்திகள், கச்சிகள், தமிழர்கள் எல்லோரும் கைக்காசு போட்டுக் காவலாள் வைத்தார்கள். பூங்கா அமைத்துத் தரும்படி நகராட்சிக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2016 ஜூனில் நானாலால் மேத்தா பூங்கா திறந்தது. சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு நர்மதை நதி வளைந்து செல்வதைப்போல் நடைபாதை அமைத்திருக்கிறார்கள். மேலே லாரிகள் ஓட, கீழே மாமிகள் வாக்கிங் போகிறார்கள். மழைக்காலத்தில் குடை வேண்டாம் என்பது உபரி லாபம்.

இதிலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்த இடம் போகாமல் காத்தோம் என்கிறோம். யாரிடமிருந்து? வீடில்லாமல் அங்கே படுத்திருக்கக் கூடியவர்களிடமிருந்து. அவர்களை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அழைப்பதில்லை. உத்திரமேரூரிலும் அப்படித்தான். நிலம் உள்ள, வேதம் படித்த ஆண்கள் மட்டுமே பானைக்குள் போக முடிந்தது. பெண்களுக்கும், அந்தத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் ஓலை கிடையாது. நம் முன்னோர் ஜனநாயகம் நடத்தினார்கள் என்று மேடையில் பெருமை பேசும்போது இந்தப் பாதியை விழுங்கிவிடுகிறோம். இன்றைய ஸொசைட்டியிலும் வாடகைக்கு இருப்பவருக்கு வோட்டு இல்லை. வாட்ச்மேனுக்கும் வேலைக்கு வரும் பெண்மணிக்கும் பேச்சே இல்லை. 2014-ன் தெருவியாபாரிகள் சட்டம் இதில் கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேராவது வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், கூடவே குடியிருப்போர் சங்கங்களின் பிரதிநிதிகள் என்று விதித்திருக்கிறது. பூ விற்கும் அம்மாளும் நடைபாதை கேட்கும் நாமும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும்.

அரசியல் சாசனமே நகரத்தை ஒரு மாற்றுக் குறைவாகத்தான் நடத்துகிறது. 1993-ல் அமலுக்கு வந்த 73-வது திருத்தம் கிராம வாக்காளர் அனைவரும் உறுப்பினரான கிராம சபையை வகுத்தது. அதே ஆண்டின் 74-வது திருத்தம் 3 லட்சம் ஜனத்தொகை உள்ள நகரங்களுக்கு வார்டு கமிட்டி போதும் என்று நிறுத்திக்கொண்டது. பம்பாயில் 2011 கணக்குப்படி சராசரி 55,000 பேருக்கு ஒரு கவுன்சிலர். 2022 மார்ச்சில் அவர்களின் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதுவும் இல்லாமல் அதிகாரிகள் கையில் நகரம் இருந்தது. சிறு நகரங்களுக்கு வார்டு சபையைக் கேரளம் 1994-லேயே சட்டமாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் நகர்ப்புறப் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-ஆம் தேதி முதன்முதலாகக் கூடின. டில்லி அங்கத்தினர்களுக்கு 2000-ல் ஷீலா தீட்சித் தொடங்கிய பாகிதாரி ஞாபகம் இருக்கும். குடியிருப்போர் சங்கங்களையும் அதிகாரிகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தது பெரிய காரியம்தான். ஆனால் குடிசைவாசிகள் அந்த அறைக்கு வெளியேதான். 2019-ன் டில்லி பார்க்கிங் விதிகள் வட்டாரத் திட்டம் வகுக்கும்போது இச்சங்கங்களைக் கலந்தாலோசிக்கச் சொல்கின்றன. லாஜ்பத் நகரில் முதலில் செய்து பார்த்தார்கள்.

கணக்கு விஷயத்தில்தான் பத்தாம் நூற்றாண்டு நம்மைவிட முன்னால் நிற்கிறது. பம்பாயில் மைதானங்களைப் பராமரிப்புக்கு என்று வெளியாரிடம் கொடுத்ததில், சில இடங்களில் கிளப் எழும்பி, சந்தா கட்டியவர்தான் உள்ளே போகலாம் என்று ஆனது. 2016 ஜனவரியில் அதேபோன்ற கொள்கை மறுபடி வந்தபோது ஜனங்கள் கிளம்பினார்கள், நிறுத்திவைக்கப்பட்டது. தத்து எடுத்தவர் கணக்குக் காட்டவில்லை என்றால் அவரும் அவர் மைத்துனரும் அடுத்த தடவை மனுப் போட முடியாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் பாதி சண்டை குறைந்திருக்கும்.

கல்கத்தா, நாக்பூர், ஜாம்ஷெட்பூர், பெங்களூர் என்று எங்கெங்கோ இருக்கும் அங்கத்தினர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் காலனி அல்லது சங்கத்தின் பழைய மினிட்ஸ் புத்தகங்கள் பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முக்கியமாக 1950-க்கு முந்தியவை. எந்த ஆண்டு முதன்முதலாக ஒரு பெண்மணியின் பெயர் கமிட்டியில் வருகிறது, எந்த ஆண்டு முதன்முதலாக வண்டி நிறுத்தம் பற்றிய தகராறு வருகிறது என்று பார்த்து இதழுக்கு எழுதினால், அடுத்த கட்டுரையில் ஊர்வாரியாகச் சேர்த்துத் தருகிறேன்.