நாழியும் புசலும்: எட்டின் அடுக்கில் எண்கள்

விரல்களைக் கொண்டு எண்ணக் கற்ற மனிதன் பத்தைத் தன் எண்ணுக்கு அடியாகக் கொண்டான். ஆயின் பொருளை அளக்கப் புகுந்தபோது, பாதியாக்கும் முறையே அவனுக்கு எளிதாயிற்று. மும்முறை பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு கிடைக்கும். தமிழரின் முகத்தலளவை இவ்வெட்டின்மேல் எழுந்ததாகும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் வழங்கும் அளவைகளின்படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. ஆகவே ஆழாக்கு, நாழி, குறுணி என்னும் மூன்றும் 1, 8, 64 என உயர்கின்றன. இஃது எட்டை அடியாகக் கொண்ட இடமதிப்பேயன்றி வேறன்று. குறுணிக்கு மேலே மட்டும், பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என முறை மாறுகின்றது.

ஆயிரம் ஆழாக்கு நெல்லை எடுத்துக்கொள்வோம். அதனை எட்டால் வகுத்தால் 125 நாழி, மீதியில்லை. மீண்டும் வகுத்தால் 15 குறுணியும் 5 நாழியும் ஆகும். பதினைந்தில் எட்டு ஒன்றும் மீதி ஏழும் உள்ளன. எனவே எட்டடிமானத்தில் இவ்வெண் 1750 என எழுதப்படும். ஈற்றிலக்கம் சுழியாதலால் எண் எட்டால் மீதியின்றி வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 13. அதனை ஏழால் வகுக்க மீதி 6. ஆயிரத்தை ஏழால் வகுத்தாலும் மீதி அதுவே. பத்தடிமானத்தில் ஒன்பதுக்குள்ள இவ்வியல்பு, எட்டடிமானத்தில் ஏழுக்கு உரியதாகின்றது.

இன்னொரு சிறப்பும் உண்டு. உரி, உழக்கு, ஆழாக்கு ஆகிய மூன்று கலங்களுள் ஒவ்வொன்றையும் ஒரு முறைக்கு மேற்படாமல் பயன்படுத்தி, ஒன்று முதல் ஏழு ஆழாக்கு வரை எவ்வளவையும் அளக்கலாம். ஐந்துக்கு உரியும் ஆழாக்கும், ஏழுக்கு மூன்றும். எட்டடிமான இலக்கம் ஒவ்வொன்றும் மூன்று இரட்டையடிமான இலக்கங்களுக்கு நிகர் என்னும் இவ்வுண்மையையே பிற்காலத்துக் கணிப்பொறியாளரும் கையாண்டனர்.

தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோர் ஆங்கில அளவையிலும் எட்டையே கண்டனர். எட்டுப் பைந்து ஒரு கேலன்; எட்டுக் கேலன் ஒரு புசல். ருவான்வெல்லை முதலிய சபரகமுவப் பகுதிகளின் தோட்டங்களிலும் அரிசி புசலாலே கணக்கிடப்பட்டது. ஆனால் இலங்கை நாணயமோ 1872 முதல் நூறு சதம் ஒரு ரூபா என்னும் பத்தடிமானத்தது. கூலி பத்தில், அரிசி எட்டில். இரண்டும் ஒரே பற்றேட்டில் சந்தித்தன.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் கூலி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தபோது, அரிசியின் விலை புசலுக்கு 6 ரூபா 40 சதமாக வைக்கப்பட்டது. அவ்விலையில் கேலனுக்கு 80 சதம்; பைந்துக்குச் சரியாக 10 சதம். எழுத்தறியாதவரும் மனத்தாலே சரிபார்க்கத்தக்க கணக்கு இது. புசல் 5 ரூபாயாக இருப்பின் பைந்தின் விலை ஏழு சதமும் பதினாறில் பதின்மூன்று பங்கும் ஆகும். அப்பின்னம் யார் பக்கம் சேரும் என்பதை ஏட்டை எழுதுவோரே தீர்மானிப்பர். உழைத்தவருக்கு அதனைக் கண்டறியும் வழியிராது.

இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையில் 1970களின் மாற்றமும் மெட்ரிக் அளவையைக் கொணர்ந்தன. பொருளும் பணமும் ஒரே அடிமானத்தில் அமைந்தமை நன்மையே. எனினும், ஏட்டின் துணையின்றிக் கலங்களைக் கொண்டே கணக்கைச் சோதிக்கும் ஆற்றலை எளியோர்க்கு அளித்தது எட்டு என்பதை வரலாறு மறத்தலாகாது.