தொலைமானி வில்லைகளை ஆடியற்ற ஒளிப்படக்கருவிகளில் பொருத்துதல்

தொலைமானி (ரேஞ்ச்ஃபைண்டர்) வகைப் படச்சுருள் ஒளிப்படக்கருவிகளுக்காக முற்காலத்தில் செய்யப்பட்ட வில்லைகளை (லென்சு), பொருத்துவளையம் ஒன்றின் துணையுடன் இக்கால ஆடியற்ற எண்ணிம ஒளிப்படக்கருவிகளில் பயன்படுத்தலாம். வில்லைக்கும் உணரிக்கும் இடையிலான தொலைவே இதற்கு அடிப்படை ஆகும்.

பின்னணி

தொலைமானிக் கருவியில் வில்லையின் வழியே காட்சியைப் பார்ப்பதில்லை. தனியான சாளரத்தில் தெரியும் இரு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை வில்லையின் வளையத்தைத் திருப்புவர். உள்ளே ஆடி இல்லாததால், வில்லையைப் படச்சுருளுக்கு மிக அருகில் அமைக்க முடிந்தது. செருமனியின் லைக்கா கருவிகளில் 39 மி.மீ. விட்டமுள்ள திருகுமரை இருந்தது. சப்பானின் கேனான், சோவியத் நாட்டின் ஃபெட், சோர்க்கி ஆகியனவும் அதே அளவுத் திருகைக் கொண்டிருந்தன. 1954இல் வெளிவந்த லைக்கா எம்3 கருவியில் திருகுக்குப் பதிலாகச் செருகித் திருப்பும் 'எம்' பொருத்தி வந்தது.

இன்று ஆரணி அடங்கியுள்ள திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் லைக்காவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. லைக்காவால் புகழ்பெற்ற பிரெஞ்சு ஒளிப்படக்கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரசோன், இரமண மகரிசி 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். அவரது இறுதி நாட்களைப் படம்பிடித்தார். எம்3 வருவதற்கு நான்கு ஆண்டுகள் முந்தைய அக்காலத்து லைக்கா வில்லைகள் திருகு வகையைச் சேர்ந்தவை. அவ்வகை வில்லைகளை இன்றைய கருவிகளிலும் பொருத்த முடியும்.

தொலைவுக் கணக்கு

பொருத்தியின் விளிம்பிலிருந்து படச்சுருள் வரையுள்ள தொலைவு லைக்கா திருகு வகையில் 28.8 மி.மீ., எம் வகையில் 27.8 மி.மீ. ஆகும். ஆடியுள்ள நிக்கான் எஃப் வகையில் இது 46.5 மி.மீ. என்பதால், அதில் தொலைமானி வில்லையைப் பொருத்தினால் தொலைவிலுள்ள பொருள்கள் குவியா. 2008இல் ஆடியற்ற கருவிகள் விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறியது. சோனி இ பொருத்தியில் 18 மி.மீ., நிக்கான் இசட் பொருத்தியில் 16 மி.மீ. மட்டுமே உள்ளது. 27.8இலிருந்து 18ஐக் கழித்தால் வரும் 9.8 மி.மீ. தான் வளையத்தின் தடிமன். திருகு வில்லைக்கு மேலும் 1 மி.மீ. வளையம் தேவை. வளையத்தில் கண்ணாடி எதுவும் இல்லை.

பழைய காண்டாக்சு, நிக்கான் எசு வகைகளின் 50 மி.மீ. வில்லைகள் வேறுபட்டவை. குவியப்படுத்தும் திருகு வில்லையில் இல்லாமல் கருவியில் இருந்ததால், பொருத்துவளையத்திலேயே அத்திருகு இருக்க வேண்டும்.

அண்மைக் குவியம்

இவ்வில்லைகளின் பெருங்குறை, பொருளை நெருங்க முடியாமையே. பழைய 50 மி.மீ. வில்லைகள் பல 1 மீட்டருக்கு உட்பட்ட பொருளைக் குவிக்கா. ஆரணிப் பட்டுச் சேலையொன்றை இத்தொலைவிலிருந்து எடுத்தால், 36 × 24 மி.மீ. உணரியில் ஏறத்தாழ 65 செ.மீ. அகலப் பரப்பு பதிவாகும்; சில விரற்கடை அகலமே உள்ள சரிகைக் கரை அதில் சிறு கீற்றாகிவிடும். 5 மி.மீ. வரை நீளக்கூடிய வளையத்தைப் பயன்படுத்தினால் 43 செ.மீ. வரை நெருங்கலாம், அப்போது பதிவாகும் அகலம் சுமார் 23 செ.மீ. ஆகும். ஊடும் பாவும் பிரிந்து தெரிய இதுவும் போதாது. அதற்கு அண்மைப்பட வில்லையே தக்கது. ஆனால் மங்கிய வெளிச்சமுள்ள தறிவீட்டில் நெய்பவரைப் படமெடுக்க, எஃப்/2 துளையுள்ள பழைய வில்லை நன்கு உதவும்.

சிக்கல்கள்

அகலக்கோண வில்லைகளில் பின்கண்ணாடி உணரியை ஒட்டி அமைவதால், ஓரங்களில் ஒளி மிகச் சாய்ந்து விழுகிறது. படச்சுருள் இதைப் பொறுத்துக்கொண்டது. உணரிமேலுள்ள பாதுகாப்புக் கண்ணாடியோ அச்சாய்ந்த ஒளியைச் சிதைத்து ஓரங்களைக் குழப்புகிறது. சில கருவிகளில் ஊதாச் சாயலும் படிகிறது. லைக்கா தன் எண்ணிமக் கருவிகளில் இக்கண்ணாடியை மெலிதாக்கியது இதனால்தான். 50 மி.மீ. அல்லது அதனினும் நீண்ட வில்லைகளில் இத்தொல்லை குறைவு.

உள்ளே மடங்கும் குழலுடைய வில்லைகளைக் கருவியில் பொருத்தியபின் மடக்கலாகாது; குழல் மூடியையோ உணரியையோ உரசக்கூடும். தொடர்பு முனைகள் இல்லாததால், 'வில்லையின்றிப் படமெடுத்தல்' என்ற அமைப்பைக் கருவியில் இயக்கி வைக்க வேண்டும். குவியத்தைக் கையால் சரிசெய்யும்போது திரையில் காட்சியைப் பெரிதாக்கிப் பார்ப்பது நம்பகமான வழி.

பழைய வில்லை வாங்குவோர் அதனுள் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்ப்பது வழக்கம். ஈரக்காற்றில் வளரும் பூஞ்சை சிலந்தி வலைபோல் தெரியும். நாள்பட்டால் அது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பூஞ்சையைத் துடைத்து நீக்கினாலும் அரிப்பின் தடம் நீங்காது.